போட்டித்திறனும் மிகுபாரமும்

பாடி தொடங்கி அம்பத்தூர் வழியே ஆவடி வரை செல்லும் சி.டி.எச். சாலையின் இருமருங்கிலும், பூந்தமல்லிச் சாலையிலும் நம் சமுதாயக் குடும்பங்கள் பல வாழ்ந்து வருகின்றன. வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரங்களில் உழவை நம்பியிருந்த இல்லங்களின் பிள்ளைகள் படித்துத் தேறி, இப்பகுதித் தொழிற்சாலைகளில் பணியில் அமர்ந்தனர். சிலர் சிறு பட்டறை வைத்தனர். அவர்தம் மக்கள் இன்று கணினி நிறுவனங்களுக்குச் செல்கின்றனர். இவ்வில்லங்கள் அனைத்திலும் இப்போது ஓயாமல் ஒலிக்கும் சொல் ஒன்று உண்டு. அது போட்டித்திறன் என்பது. நாடு போட்டித்திறன் பெறவேண்டும் என்று அரசு சொல்கிறது. கம்பெனி போட்டித்திறனை இழந்துவருகிறது என்று நிர்வாகம் சொல்கிறது. உங்கள் பிள்ளைக்குப் போட்டித்திறன் போதாது என்று பள்ளியில் சொல்கிறார்கள். மூன்றிடத்தும் சொல் ஒன்றே, பொருளும் ஒன்றுதானா? இல்லறத்தார் அதனை எந்த அளவுக்கு ஏற்கலாம்? இவற்றைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

நாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். 1955 ஜனவரியில் யு. என். தேபர் தலைமையில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிச பாணிச் சமுதாயத்தை அமைப்பதே நாட்டின் குறிக்கோள் எனத் தீர்மானித்தது. உற்பத்தியைப் பெருக்குவதும், பெருகியதை நேர்மையாகப் பங்கிடுவதுமே அன்றைய கவலை. அதே ஆவடியில் 1961-இல் கனரக ஊர்தித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965-இல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. விலையில் எவரை வெல்வது என்னும் வினா அத்தொழிற்சாலைக்கு எழவே இல்லை. செய்பவரும் ஒருவர், வாங்குபவரும் ஒருவர். அக்கால ஏற்பாட்டில் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களும், தொலைபேசி இணைப்புக்கு எழுதிப்போட்டுவிட்டு அது வருவதற்குள் மகளுக்குத் திருமணமே முடித்தவர்களும் நம்முள் இருக்கிறார்கள். போட்டி இல்லாமையும் ஒருவகைச் சுமையை வாங்குவோர் தலையில் ஏற்றத்தான் செய்தது. ஆகவே, போட்டி என்றாலே தீவினை என ஒதுக்கிவிடும் எளிய முடிவு நமக்கு உடன்பாடன்று.

1991-க்குப் பின் காற்றின் திசை மாறியது. தேர்வெழுதும் மாணவரைப் போல நாடுகளையும் வரிசைப்படுத்தும் வழக்கம் பரவியது. உலகப் பொருளாதார மன்றம் 2019-இல் வெளியிட்ட போட்டித்திறன் பட்டியலில் 141 நாடுகளுள் இந்தியா 68-ஆவது. முந்தைய ஆண்டில் 58-ஆவது. பத்து இடம் இறங்கினோம் என்றால், யாரிடம் எதை இழந்தோம்? இவ்வினாவை அமெரிக்கப் பொருளியலறிஞர் பால் க்ரூக்மன் 1994-லேயே ஒரு கட்டுரையில் எழுப்பினார். போட்டித்திறன் என்பது ஆட்சியாளரைப் பற்றிக்கொண்ட ஆபத்தான மயக்கம் என்பது அவர் கருத்து. கம்பெனி நொடித்தால் இல்லாமற் போய்விடும். நாடு நொடித்தாலும் அதன் மக்கள் அங்கேயேதான் வாழ வேண்டும். அன்றியும், ஒரே தெருவில் கடை வைத்த இருவரைப் போல நாடுகள் ஒன்றன் வாடிக்கையை மற்றொன்று பறித்து வாழ்வன அல்ல. ஒன்றிடம் மற்றொன்று வாங்கியும் விற்றும் வாழ்வன. 1817-இல் டேவிட் ரிக்கார்டோ இங்கிலாந்தின் துணியையும் போர்ச்சுகலின் மதுவையும் கொண்டு இதனைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். (உதாரணம் நமக்கு ஏற்றதன்று, கணக்கு சரியானது.)

நமக்கு அருகிலேயே சான்று உண்டு. நம்மைப் போலவே வறுமையில் கிடந்த கொரியா முன்னேறியது. அந்நாட்டு ஹூண்டாய் நிறுவனம் 1996-இல் பூந்தமல்லிக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998-இல் அங்கிருந்து கார்கள் வெளிவந்தன. உதிரிபாகம் செய்யும் பட்டறைகளுக்கும் அதனால் வேலை கிடைத்தது. கொரியர் வறியராகவே இருந்திருந்தால் நமக்கு என்ன ஆதாயம்? அயல்நாடு செழிப்பது நமக்கு நேர்ந்த தோல்வி என்று எண்ணுவது பொருளியலிலும் பிழை, மனத்தூய்மைக்கும் கேடு.

கம்பெனியின் நிலை வேறு. அது உண்மையாகவே மடியக்கூடியது. 1959-இல் அம்பத்தூரில் தொடங்கிய டன்லப் டயர் ஆலை ஒரு காலத்தில் இவ்வூரின் அடையாளமாக விளங்கியது. இன்று ஆலை இல்லை. டன்லப் என்று சொன்னால் பேருந்து நடத்துநர் அந்தப் பெயருள்ள நிறுத்தத்துக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பார். ஆதலின் ஒரு நிறுவனம் பிழைத்திருக்க முயல்வதைக் குற்றம் என்னலாகாது. முயலும் வழியில்தான் அறம் பற்றிய வினா பிறக்கிறது.

பாடியில் நடந்தது நம் பகுதியினர் பெருமைப்படத்தக்க வரலாறு. சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998-இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவில் அப்பரிசு பெற்ற முதல் நிறுவனம் அதுவே. 2001-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2004-இல் லூகாஸ் டி.வி.எஸ். என்று பாடியைச் சேர்ந்த நிறுவனங்களே அடுத்தடுத்து அதனைப் பெற்றன. ஒரு நடையில் சுற்றி வந்துவிடக்கூடிய ஊர்ப்பகுதிக்கு இத்தனை டெமிங் பரிசுகள் என்பது உலக அளவிலும் அரிய செய்தியாகவே இருக்கும்.

அந்நிறுவனங்கள் செய்தது என்ன? மந்திரம் ஏதுமில்லை. நூறு உதிரிபாகம் செய்தால் எட்டு பழுதாகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எட்டுக்கும் இரும்பு செலவாயிற்று, மின்சாரம் செலவாயிற்று, மனித உழைப்பும் செலவாயிற்று. எல்லாம் கழிவுத்தொட்டிக்குப் போயிற்று. பழுது எங்கே பிறக்கிறது என்று பொறுமையாகத் தேடி, எட்டை ஒன்றாகக் குறைத்தால் விலை தானே இறங்கும். கருவியைத் தேடி நடக்கும் நடையைக் குறைத்தால் நேரம் மிஞ்சும். எந்திரத்தருகே நிற்கும் தொழிலாளியிடம் கேட்டால் பாதிப் பழுதுக்குக் காரணம் அவரே சொல்லுவார். இவ்வழியில் விலை குறையும்போது எவருடைய கூலியும் குறைவதில்லை, எவருடைய முதுகும் வளைவதில்லை. தன் குற்றத்தைத் தானே தேடிக் கண்டு நீக்கும் முயற்சி இது. ஐம்பொறிகளையும் வினைகளையும் வென்றவரையே ஜினர் என வணங்கும் நமக்கு இத்தகைய வெற்றியின் இலக்கணம் புதியதன்று.

பரிசுக்குப் பெயர் தந்த டெமிங் என்பாரின் கருத்துகளை இங்குச் சொல்லாமல் விடலாகாது. அமெரிக்கரான அவர் புள்ளியியல் வல்லுநர். 1950-இல் ஜப்பானியத் தொழிலதிபர்களுக்குப் பாடம் சொன்னவர். பழுதுகளுள் பெரும்பகுதி வேலை அமைப்பினால் வருவன, தொழிலாளியின் சோம்பலால் வருவன அல்ல என்பது அவர் ஆய்ந்து கண்ட முடிவு. தொழிற்கூடத்திலிருந்து அச்சத்தை விரட்டுங்கள் என்றார். விலை ஒன்றையே பார்த்து ஆர்டர் கொடுப்பதை விட்டொழியுங்கள் என்றார். பணியாளரை முதல்வர், கடையர் என வரிசைப்படுத்துவதைக் கடிந்து எழுதினார். போட்டித்திறனுக்கு உலகம் தரும் பெரும் பரிசு, மனிதரை மனிதரோடு மோதவிடுவதை வெறுத்த ஒருவரின் பெயரால் வழங்கப்படுகிறது! பரிசைக் கொண்டாடும் மேலாளர்களுள் எத்தனைபேர் அவர் நூல்களைப் புரட்டினர் என்று கேட்கத் தோன்றுகிறது.

விலையைக் குறைக்க இரண்டாவது வழியும் உண்டு. அதுவே மிகுதியாக நடப்பது. பழுதைத் தேடும் பொறுமை இல்லாதபோது பாரத்தைக் கைமாற்றுவது எளிது. நிரந்தரத் தொழிலாளி ஓய்வுபெற்றால் அவ்விடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. அதே எந்திரம், அதே வேலை, பாதிச் சம்பளம். பயிற்சியாளர் என்ற பெயரில் இளைஞர் சிலரை எடுத்து, கைத்தேர்ச்சி வந்த வேளையில் அனுப்பிவிட்டு, அடுத்த அணியை எடுப்பது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். உதிரிபாகம் செய்து தரும் சிறு பட்டறையிடம் ஆண்டுதோறும் இத்தனை சதவீதம் விலை குறை என்று கேட்பது. கணக்கேட்டில் இரு வழியும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் செலவு குறைந்ததாகவே எழுதப்படும்.

இவ்விடத்தில் ஆசார்ய சமந்தபத்ரர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் அமைத்துள்ள ஒரு முறை நம் சிந்தைக்குரியது. அந்நூலைத் தழுவி அமைந்த அருங்கலச்செப்பை நம்மில் பலர் இளமையில் பாடம் கேட்டிருப்போம். கொல்லாமை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களை, அதாவது விரதத்துக்கு நேரும் பழுதுகளை, ஆசிரியர் கூறுகிறார். உறுப்பறுத்தல், கட்டுதல், வருத்துதல் ஆகியவற்றோடு அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவதும், உணவைத் தடுப்பதும் அவற்றுள் அடங்கும். பின்னர்ப் பொருள்வரைதல் என்னும் பரிக்கிரக பரிமாண விரதத்துக்கும் ஐந்து பழுதுகள் கூறுகிறார். அளவுக்கு மீறி ஓட்டுதல், அளவுக்கு மீறிச் சேர்த்தல், விஸ்மயம், பேராசை ஆகியவற்றோடு அங்கும் மிகுபாரம் சுமத்துதல் வருகிறது. ஒரே குற்றம் இரண்டு விரதங்களின் கீழும் எண்ணப்படுகிறது. வண்டி இழுக்கும் மாட்டுக்கு அது நோவு. ஆதலின் கொல்லாமைக்குப் பழுது. வண்டிக்காரனுக்கு அது ஆசை. ஆதலின் பொருள்வரைதலுக்கும் பழுது. மூட்டைகளை அடுக்குகிற அந்த ஒரு செயலில் இரண்டும் சேர்ந்தே நிகழ்கின்றன.

அன்றைய வணிகரின் பொதிமாட்டை எண்ணிச் சொல்லப்பட்டது இது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பொதிமாடு இல்லை. ஆனால் இரவு ஷிப்டு முடித்துவிட்டு, ஆள் வரவில்லை என்பதற்காகப் பகல் ஷிப்டிலும் பிரஸ் எந்திரத்தின் முன் நிற்பவர் உண்டு. விரல் போவது பெரும்பாலும் இத்தகைய வேளைகளில்தான். மாட்டுக்கு இரங்கும் நெஞ்சம் இங்கே இரங்காதிருக்க நியாயமில்லை. போட்டித்திறனை அறநோக்கில் அளக்க நமக்குக் கிடைத்த உரைகல் இதுவே. விலை குறைந்தது நன்று. குறைந்த அந்தத் தொகை எங்கிருந்து வந்தது? பழுதிலிருந்து வந்ததா, ஒருவர் தோளிலிருந்து வந்ததா?

இனித் தனி மனிதரைப் பார்ப்போம். இவரிடத்தில்தான் அச்சொல் மிகக் கொடிதாகப் பயன்படுகிறது. வேலை போனவரைப் பார்த்து, நீ திறனை வளர்த்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுவது இன்றைய வழக்கம். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலையை நினைவுகொள்வோம். உலகின் மிகப் பெரிய கைப்பேசித் தொழிற்சாலைகளுள் அதுவும் ஒன்று. சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை செய்தனர், இளம்பெண்களே பெரும்பான்மை. கம்பெனிப் பேருந்துகள் அவர்களை விடியலில் ஏற்றிச்சென்றன. தொடுதிரைக் கைப்பேசிகள் வந்தபின் நோக்கியா உலகச் சந்தையில் பின்தங்கியது. கைப்பேசித் தொழிலை 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்டுக்கு விற்றது. வரி வழக்குக் காரணமாகத் தமிழகத் தொழிற்சாலை அவ்விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-இல் அங்கு உற்பத்தி நின்றது.

அப்பெண்கள் எதில் தோற்றார்கள்? அவர்கள் கை வேகம் குறையவில்லை, பழுது மிகவில்லை. எந்த வகைக் கைப்பேசி விற்கும் என்று தவறாகக் கணித்தவர்கள் பின்லாந்தில் இருந்தார்கள். வரிக்கணக்கு வழக்காடியவர்கள் வேறெங்கோ இருந்தார்கள். பின்னர் சால்காம்ப் என்னும் நிறுவனம் அவ்விடத்தை வாங்கி மீண்டும் வேலை தொடங்கியது. உடன்பாடு அறிவிக்கப்பட்டது 2019-இல். கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது. 2014-இல் இருபத்தைந்து வயதாயிருந்த பெண்ணுக்கு அப்போது வயது முப்பது. இத்தகைய வேலைகளுக்கு நிறுவனங்கள் தேடுவது பதினெட்டு, இருபது வயதுப் பெண்களை.

தொழிலாளி விற்பது தன் வாழ்நாளில் ஒரு பகுதியை. நெல்லை விலை வரும்வரை குதிரில் வைத்திருக்கலாம். இன்றைய பகலை நாளைக்கு வைத்திருந்து விற்க இயலாது. பசித்த குடும்பம் உள்ளவரால் நல்ல கூலிக்குக் காத்திருக்கவும் இயலாது. ஆகையால் கம்பெனியும் தொழிலாளியும் ஒரே களத்தில் நின்று ஒரே விதமாகப் போட்டியிடுகிறார்கள் என்பது பொருந்தாப் பேச்சு.

ஆவடியிலும் இம்மாற்றம் வந்துவிட்டது. 2021 அக்டோபர் 1 முதல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாயிற்று. கனரக ஊர்தித் தொழிற்சாலை, ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட கவச ஊர்தி நிறுவனத்தின்கீழ் வந்தது. அதற்குச் சில நாள் முன்னர் 118 அர்ஜுன் டாங்கிகளுக்கான 7,523 கோடி ரூபாய் ஆர்டரும் கிடைத்தது. டாங்கி செய்பவர்க்கு வேலை உண்டு. சீருடை தைக்கும் உடைத் தொழிற்சாலையினரின் கவலை வேறு. டாங்கியை எவரும் எளிதில் செய்துவிட முடியாது. சட்டையை எவரும் தைக்கலாம். திறந்த சந்தையில் அவர்கள் எதிரே நிற்பவர், அவர்களைவிடத் திறமையாகத் தைப்பவர் அல்லர். வைப்புநிதியும் ஓய்வூதியமும் இன்றித் தைப்பவர். அவர் ஏற்றிருக்கும் மிகுபாரமே அவருடைய போட்டித்திறன் எனப்படுகிறது.

இல்லங்களுக்கு வருவோம். பொருள்வரைதலின் பழுதுகளுள் விஸ்மயம் என ஒன்று கூறினோம். தான் நியாயமான இலாபத்துக்குச் சரக்கை விற்றுவிட்ட பின், அதே சரக்கை வைத்திருந்த இன்னொருவன் மேலும் மிகுதியாகப் பெற்றான் என்று கேட்டுத் திகைத்து வருந்துவதை அது குறிக்கும் என்பர். நம் வீட்டில் நடப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? மகன் 92 வாங்கி மகிழ்வோடு வருகிறான். எதிர்வீட்டுப் பிள்ளை 96 என்று கேட்ட கணத்தில் நம் முகம் மாறுகிறது. அவன் பெற்ற 92-இல் ஒன்றும் குறையவில்லை. அவன் நம் முகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்வதுதான் அவன் முதற்பாடம். அதிகாலை டியூஷன், பள்ளி, மாலைப் பயிற்சி வகுப்பு, இரவு மாதிரித்தேர்வு என்று நாம் பிள்ளைகள்மேல் ஏற்றுவதும் அதே மிகுபாரத்தின் வேறு வடிவமே. இதனை விரிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தாய்க்கும் தெரியும்.

ஆனால் ஒரு தடை எழும். சிறு பட்டறை நடத்தும் அன்பர் கேட்பார்: “நான் விலை குறைக்காவிட்டால் ஆர்டர் அடுத்த தெருவுக்குப் போய்விடும். என்னிடம் இருக்கும் பன்னிரண்டு பேருக்கும் வேலை போகும். அப்போது உங்கள் கொல்லாமை அவர்களுக்குச் சோறு போடுமா?” நேர்மையான கேள்வி இது. 1,300 ஏக்கர் அளவில் பரந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை கடைசல் செய்யும், இன்னொன்று கிரைண்டிங், மூன்றாவது ஹீட் ட்ரீட்மெண்ட், நான்காவது முலாம். போட்டியாளர் எனப்படுபவரே ஒருவருக்கொருவர் துணை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் பேட்டைக்குள் புகுந்தபோது எவருடைய மோட்டாரும் போட்டித்திறன் பார்த்து நனையவில்லை. இத்தகைய சிறு முதலாளி தாமே பாரம் ஏற்றப்பட்டவர். அவரிடம் மட்டும் அறம் பேசுவது முறையாகாது. மேலே இருப்பவரிடம் பேச வேண்டும்.

அந்த மேலிடத்திலும் நம்மவர் இருக்கிறார்கள். பெரிய நிறுவனங்களின் கொள்முதல் பிரிவிலும் கணக்குப் பிரிவிலும் பில்களில் கையெழுத்திடும் அன்பர்கள் இவ்விதழை வாசிப்பார்கள். குறு, சிறு தொழிலாரிடம் வாங்கிய பொருளுக்கு 45 நாள் மிகாமல் பணம் தரவேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டியைப்போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. கெடு தாண்டினால் பணம் தரும்வரை அத்தொகையைச் செலவாகக் காட்டி வரிக்கழிவு பெறவும் இயலாது என்று 2023 நிதிச் சட்டம் சேர்த்தது. ஆயினும் நான்கு மாதம் கழித்துத் தருவது சாதாரணமாக நடக்கிறது. முறையிட்டால் அடுத்த ஆர்டர் வராது என்பதால் பட்டறைக்காரர் வாய் திறப்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பில் பத்து இலட்சம் ரூபாய். 45-ஆம் நாள் வரவேண்டியது 120-ஆம் நாள் வருகிறது. இடைப்பட்ட 75 நாளுக்குப் பட்டறைக்காரர் வங்கியில் நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டிக்கு ஓவர்டிராப்ட் எடுக்கிறார். வட்டி 24,657 ரூபாய்; பில்லில் ஏறத்தாழ இரண்டரை சதவீதம். ஆண்டுதோறும் பெரிய நிறுவனம் அவரிடம் குறைக்கச் சொல்லும் விலையும் அநேகமாக இதே அளவுதான். அவர் அதனைத் தம் தொழிலாளரின் ஓவர்டைம் கூலியிலிருந்து எடுக்கிறார்.